வியாழக்கிழமைப் பட்டாணி

குவோப்பியோவில் வியாழன் என்றால் பட்டாணி சூப்.
பள்ளிக்கூடத்தில், பட்டாளத்தில், மருத்துவமனை கேன்டீனில்,
தூலிக்கியின் அடுப்பிலும்.
இரவெல்லாம் ஊறி, காலையெல்லாம் வெந்து
கரண்டி நட்டால் நிற்கும் பதம்.
ஓரத்தில் ஒரு கோடு கடுகு விழுது.

வியாழன் மாலை ஆறரைக்குத்தான்
தேவாலயத்தில் பாட்டுப் பயிற்சியும்.
யார் வகுத்த அட்டவணையோ.

தூலி என்றால் அவர்கள் மொழியில் காற்று.
ஐம்பத்தெட்டு வருடமாக அதைச் சொல்லி
யாரும் அவளைக் கேலி செய்ததில்லை,
அந்த வியாழன் வரை.

முப்பத்தோரு பேர் ஒரே வெட்டில் நிறுத்தினார்கள்.
கூரைக்கு ஏறிய சுரம் இறங்கி வர
இரண்டு தாளம் மௌனம்.
அதற்குள்,
இரண்டாம் வரிசை, இடமிருந்து நான்காவது ஆள்.
நீளம் இல்லை. ஆனால் தெளிவு.
யாரும் சிரிக்கவில்லை, அதுதான் கொடுமை.
வாசலில் காலணி மாட்டும்போது வெய்க்கோ மட்டும்
சுவரைப் பார்த்துச் சொன்னான்:
"பெயருக்கேற்ற குரல்."

உணவியலாளர் ஹென்ரீக்காவுக்குப் பாதி வயது.
காகிதத்தில் குடலை வரைந்தாள், சாக்கடை வரைபடம் போல.
மேலே சிறுகுடல் கைவிட்டதெல்லாம்
கீழே பெருங்குடலுக்கு வந்து சேரும்.
அங்கே கோடிக்கணக்கில் குடித்தனங்கள்.
பட்டாணியின் சர்க்கரை, கம்பு ரொட்டியின் நார்,
வெங்காயம், முட்டைக்கோஸ்
எல்லாம் அவற்றுக்குப் பந்தி.
தின்றுவிட்டு ஹைட்ரஜன் விடும், கரியமில வாயு விடும்,
நாற்றம் என்பது அதில் கந்தகத்தின் ஒரு துளி.
நாளுக்குப் பத்து, பதினைந்து தடவை பிரிந்தால்
எல்லாரையும் போலத்தான் நீங்களும்.

"பந்தி பெரிதானால்?"
"சத்தமும் பெரிதாகும்."

கட்டம் போட்ட நோட்டில் எழுதத் தொடங்கினாள்.
முதல் வாரம் பட்டாணியை நிறுத்தினாள்.
வியாழன் வெறும் வியாழனாக நின்றது.
வயிறு மத்தளம்.
இரண்டாம் வாரம் கம்பு ரொட்டி. மத்தளம்.
மூன்றாம் வாரம் வெங்காயமும் போனது,
வாணலிக்கு வாசனையே மறந்தது.
மத்தளம், மத்தளம்.
பாவாடைக் கொக்கி மாலையில் தானாகத் தெறித்தது.

"வேறு ஏதாவது வாயில் போடுவீர்களா?"
"ஒன்றுமே இல்லை" என்றாள் தூலிக்கி.
சொல்லும்போதே அவள் வாயில் எதுவோ
வலக் கன்னத்திலிருந்து இடக் கன்னத்துக்கு நகர்ந்தது.

ஹென்ரீக்கா பேனாவைக் கீழே வைத்தாள்.

சூயிங்கம். சைலிடால் போட்டது.
பள்ளியில் சாப்பாட்டுக்குப் பின் ஆசிரியை தந்த பழக்கம்.
ஒவ்வொரு கோட்டுப் பையிலும் ஒரு டப்பா,
நாளுக்குப் பதினைந்து.
ஒரு பல்லுக்கும் சொத்தை இல்லை.
அந்த மாலைக்குப் பின் இருபதானது,
பாடுகிறவள், வாயாவது மணக்கட்டும் என்று.

மெல்ல மெல்லக் காற்றை விழுங்கியிருக்கிறாள்.
குடல் முழுதாக உறிஞ்சாத அந்த இனிப்பு
நேரே பந்திக்கு இறங்கியிருக்கிறது.
பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.
நாற்பது வருடம் குற்றவாளிக் கூண்டில் நின்றது
பாவப்பட்ட பட்டாணி.

முழுக்க நிரபராதி என்றும் சொல்ல முடியாது.
ஊறிய தண்ணீரைக் கொட்டச் சொன்னாள் ஹென்ரீக்கா.
முதலில் இரண்டு கரண்டி, பிறகு அரைக் கிண்ணம்,
குடித்தனக்காரர்களுக்குப் பழகட்டும்.
சூயிங்கம் மூன்றோடு நிறுத்து. சாப்பிட்டபின் நட.

மார்ச் முதல் வியாழன்.
அதே பாட்டு, அதே வெட்டு, அதே இரண்டு தாளம்.
தொடையை இறுக்கிக்கொண்டு நின்றாள்.
மெழுகுவர்த்தி உருகும் சத்தம் கூடக் கேட்கும் போலிருந்தது.
ஒன்றும் நடக்கவில்லை.
வெய்க்கோ இருமினான், வேண்டுமென்றேதான்.

வீட்டுக்குக் குறுக்கு வழி, உறைந்த ஏரி.
மைனஸ் பதினெட்டு. காலடியில் பனி நறநறத்தது.
நடு ஏரிக்கு வந்ததும் நின்று
முன்னும் பின்னும் பார்த்து
தன் பெயரின் முதல் பாதியைச்
சத்தமாகவே உச்சரித்தாள்.

சற்றுத் தள்ளி
லாந்தர் வைத்து, பனியில் துளை போட்டு
மீனுக்காகக் குந்தியிருந்தவர்
தலை நிமிரவில்லை.